சூரியக் குடும்பத்திலிருந்து பேரண்டத்தின் தொடக்கம் வரை: புதிதாக வானம் பார்க்க வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வானியல் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுபோகிறார்கள். ஒன்று, தொலைநோக்கியை வாங்கிவிட்டு அதில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பரணில் ஏற்றிவிடுவது. இன்னொன்று, பெருவெடிப்பு, கருந்துளை என்று காணொளிகளாகப் பார்த்துத் தள்ளியும் தலைக்கு மேல் தெரிவது வியாழனா வெள்ளியா என்று சொல்ல முடியாமல் இருப்பது. எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு செலவழிப்பது, எந்த மாதம் எதைப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்லித்தர ஆளில்லாமல் நானும் நெடுநாள் திண்டாடினேன். நீங்கள் அப்படித் திண்டாட வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அருகில் இருப்பதிலிருந்து தொலைவுக்குப் போங்கள். வானத்தில் தொலைவுக்குப் போவது என்றால் பழைய காலத்துக்குப் போவது. ஒளி வந்து சேரக் காலம் பிடிக்கிறது என்பதால், நிலாவில் தொடங்கி ஒழுங்காக நகர்ந்தால் பேரண்டத்தின் தொடக்கம் தானாகவே கடைசிப் பாடமாக வந்து நிற்கும். முதல் மூன்று மாதம் கிட்டத்தட்ட எந்தச் செலவும் இல்லை.

1. தெருவில் ஒரு சூரியக் குடும்பம் போடுங்கள்

செலவு: வீட்டில் இருக்கும் பொருள்களே போதும். நேரம்: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

பாடப்புத்தகப் படங்களில் கோள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்தப் படம் மனத்தில் இருக்கும்வரை மற்ற எதுவும் சரியாகப் புரியாது. முதலில் அதை அழியுங்கள். ஆயிரம் கோடி மடங்கு சுருக்கினால் சூரியன் 14 செ.மீ. விட்டமுள்ள பந்து. அதை வீட்டு வாசலில் வையுங்கள். அங்கிருந்து 15 மீட்டர் தள்ளி ஒரு கடுகு, அதுதான் பூமி. நிலா அந்தக் கடுகிலிருந்து 4 செ.மீ.கூட இல்லாத தூரத்தில் ஒரு தூசி. 23 மீட்டரில் ஒரு கசகசா, செவ்வாய். 78 மீட்டரில் ஒரு கோலிக்குண்டு, வியாழன். அதைவிடச் சற்றுச் சிறிய குண்டு 143 மீட்டரில், சனி. யுரேனஸ் 287 மீட்டரில் ஒரு மிளகு, நெப்டியூன் 450 மீட்டரில் இன்னொரு மிளகு.

450 மீட்டரையும் கட்டாயம் நடந்து பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். நடந்து முடித்தபின் ஒரு கணக்கு: இதே அளவில் சூரியனுக்கு அடுத்த விண்மீன் கூட்டமான ஆல்ஃபா சென்டாரி 4,100 கிலோமீட்டரில் இருக்கும். இந்தியாவின் வடக்கு தெற்கு நீளமே 3,214 கிலோமீட்டர்தான்.

2. வெறும் கண், ஒரு நோட்டு, ஒரு பஞ்சாங்கம்

செலவு: நூறு ரூபாய்க்குள். நேரம்: மூன்று மாதம், தினமும் பத்து நிமிடம்.

புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தும் வெறும் கண்ணுக்குத் தெரியும். விண்மீன்கள் மினுக்கும், கோள்கள் ஏறக்குறைய மினுக்காமல் நிலையாக ஒளிரும். விடிவெள்ளி என்று பாட்டிமார் காட்டுவது வெள்ளிக் கோள். சில மாதங்களில் அதுவே மாலையில் மேற்கே வரும். கைபேசியில் ஸ்டெல்லேரியம் செயலி இலவசம். முதலில் நீங்களே ஊகியுங்கள், பிறகு செயலியில் சரிபாருங்கள். எடுத்த எடுப்பில் செயலியைத் திறந்தால் கண் பழகாது.

தமிழர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கருவி ஒன்று உண்டு. சனிப்பெயர்ச்சி ஏன் சுமார் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை, குருப்பெயர்ச்சி ஏன் ஆண்டுக்கு ஒருமுறை என்று யோசித்துப் பாருங்கள். சனி சூரியனை ஒருமுறை சுற்ற 29.5 ஆண்டு, வியாழனுக்கு 11.9 ஆண்டு. இரண்டையும் 12 ராசிகளால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். கோள் எவ்வளவு தொலைவோ அவ்வளவு மெதுவாக நகரும் என்ற விதி காலண்டர் தாளிலேயே இருக்கிறது. இதைப் பலன் பார்க்கச் சொல்லவில்லை. கோள் எந்தப் பகுதியில் தெரியும் என்று தேட மட்டும்.

கவனம்: சில பஞ்சாங்கங்கள் வாக்கிய முறையில் கணித்தவை, சில திருக்கணிதம். வானத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம். சனி மீனத்துக்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. ஏறக்குறைய ஓராண்டு வேறுபாடு. ராகுவையும் கேதுவையும் தேடாதீர்கள். அவை பொருள்கள் அல்ல, நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள்.

நோட்டில் தேதி, நேரம், இடம், மேகம், பார்த்தது ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். படம் வரையத் தெரியாவிட்டாலும் வரையுங்கள். உங்களிடம் சேரும் முதல் ஆவணம் இதுதான். பிற்பாடு எந்த மன்றத்தில் சேர்ந்தாலும் இந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

3. மாதமும் இடமும்

தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் மாலை மேகம் நிறைய. நம்பிக் கிளம்பக்கூடிய காலம் ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை. கருவி வாங்குவதானால் டிசம்பர் கடைசியில் வாங்குங்கள். ஜூனில் வாங்கினால் பெட்டியோடு காத்திருந்து ஆர்வம் வற்றிப்போகும்.

மாதத்தில் இரண்டு பகுதி. நிலாவைப் பார்க்க வளர்பிறை ஆறாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை. மற்ற மங்கலான பொருள்களுக்கு அமாவாசையை ஒட்டிய ஐந்தாறு நாள். பௌர்ணமியன்று தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. அன்று நிலாவில் நிழலே இருக்காது, பள்ளங்கள் தட்டையாகத் தெரியும், மற்ற விண்மீன்களும் அந்த ஒளியில் மறைந்துபோகும்.

இருட்டான இடம் தேடி ஊருக்கு வெளியே போகிறீர்களானால், போகும் முன் நில உரிமையாளரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் வயலில் குழாய் போன்ற ஒன்றை நட்டு நிற்பவர்களைப் பார்த்தால் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஏலகிரி, சவ்வாது மலைப் பக்கம் காப்புக்காடுகளுக்குள் இரவில் தங்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் சாலையோரம் வண்டியை நிறுத்துவதைவிடத் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்து வீடு மேல்.

4. முதல் செலவு: பைனாகுலர்

செலவு: ஏறக்குறைய 5,000 முதல் 10,000 ரூபாய்.

7x50 அல்லது 10x50 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். வானத்துக்கு இரண்டாவது எண்தான் முக்கியம், அதுதான் ஒளியைச் சேர்க்கிறது. 20 மடங்கு, 30 மடங்கு என்று கூவி விற்பதைக் கையில் பிடித்தால் படம் ஆடும். ஜூம் பைனாகுலரைத் தொடவே வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை: இரண்டு கண்ணுக்கும் ஒரே படமாகத் தெரிகிறதா, ஒரு நிமிடம் பார்த்தால் தலை வலிக்கிறதா, மூன்றுகால் தாங்கியில் பொருத்தத் திருகு இருக்கிறதா. ரசீதும் உத்தரவாத அட்டையும் வாங்கி, வரிசை எண்ணோடு படம் எடுத்து வையுங்கள்.

நம்மூர் ஈரக்காற்றில் பெரிய எதிரி பூஞ்சை. கண்ணாடிக்குள் ஒருமுறை பூஞ்சை படர்ந்தால் எடுப்பது கடினம், செலவும் அதிகம். பயன்படுத்தியபின் பனி ஈரம் உலர விட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டுவதுதான் பூஞ்சைக்கு மிகவும் பிடிக்கும்.

5. நிலாவும் வியாழனும்

நிலாவில் ஒளியும் இருளும் சேரும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். 93 கி.மீ. அகலமான கோப்பர்நிகஸ் பள்ளம் வளர்பிறை ஒன்பதாம் நாள் வாக்கில் அழகாகத் தெரியும். நிலாவின் வெளிறிய மேட்டுப்பகுதிகள் அனார்த்தசைட் என்ற பாறை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. சந்திரயான் 2-இன் தரையிறங்கு கலத்தைச் சோதிப்பதற்காக நிலா மண்ணைப் போன்ற மண்ணை இஸ்ரோ அங்கிருந்து எடுத்த பாறையைப் பொடித்துத்தான் செய்தது. அந்தப் பக்கம் போனால் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள் பைனாகுலரிலேயே புள்ளிகளாகத் தெரியும், கை ஆடாமல் சுவரில் சாய்ந்துகொண்டால். இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் அவற்றின் இடத்தை நோட்டில் குறியுங்கள். அயோ 1.8 நாளில் சுற்றுகிறது, யூரோப்பா 3.6, கானிமீடு 7.2, கலிஸ்டோ 16.7. முதல் மூன்றும் ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்ற விகிதத்தில் ஓடுவது உங்கள் குறிப்பிலிருந்தே தெரியவரும். 2027 பிப்ரவரி இதற்கு மிக நல்ல மாதம்: 10-ஆம் தேதி வாக்கில் வியாழனும் 19-ஆம் தேதி செவ்வாயும் சூரியனுக்கு நேர் எதிரே வருகின்றன, இரவு முழுவதும் தெரியும்.

6. சூரியக் குடும்பம் பிறந்த விதம்

காலம்: ஜனவரி முதல் மார்ச் வரை, அமாவாசையை ஒட்டி.

சூரியக் குடும்பம் 456 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உருவானது. அன்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் அதேபோன்ற பிறப்பு இன்று நடக்கும் இடத்தைப் பார்க்கலாம். வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைக் கண்டுபிடியுங்கள், ஓரையன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. அதற்கு வடக்கே சிவந்து நிற்பது திருவாதிரை. பட்டைக்குத் தெற்கே வாள்போல் தொங்கும் சிறு வரிசையின் நடுப்புள்ளியைப் பைனாகுலரில் பாருங்கள். கூர்மையாக இல்லாமல் புகைபோல் தெரியும். அது ஓரையன் விண்முகில், சுமார் 1,340 ஒளியாண்டு தொலைவு (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு). அங்கே வாயுவும் தூசும் தம் ஈர்ப்பால் சுருங்கி விண்மீன்களாகிக்கொண்டிருக்கின்றன. இளம் விண்மீன்களைச் சுற்றித் தட்டையான தட்டுகள் இருப்பதை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி அங்கே படமெடுத்திருக்கிறது.

நமக்கும் இதுதான் நடந்தது. சுருங்கிய முகிலின் நடுவில் 99.8 விழுக்காடு நிறை சூரியனாயிற்று. சுற்றியிருந்த தட்டில், சூரியனுக்கு அருகே வெப்பத்தில் பனி நிற்கவில்லை, பாறையும் உலோகமும்தான் எஞ்சின. அதனால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் சிறியவை, கல்லாலானவை. தொலைவில் பனியும் உறைந்து சேர்ந்ததால் பெரிய கருக்கள் உருவாகி வாயுவையும் இழுத்துக்கொண்டன. வியாழனும் சனியும் பெருத்தது அப்படித்தான். ரோகிணி விண்மீன் இருக்கும் ரிஷபக் கூட்டத்திலேயே எச்எல் டௌரி என்ற இளம் விண்மீன் இருக்கிறது. அதன் தட்டில் வளையம் வளையமாக இடைவெளி விழுந்திருப்பதைச் சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கிகள் 2014-இல் படமெடுத்தன. அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு ரோகிணியைப் பாருங்கள்.

456.7 கோடி என்ற எண் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். விண்கற்களுக்குள் இருக்கும் மிகப் பழைய வெண்துகள்களில் யுரேனியம் சிதைந்து ஈயமாக மாறிய அளவை அளந்து கணித்தது. 1969-இல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல் அத்தகைய துகள்களுக்குப் பெயர்போனது.

கவனம்: சூரியக் குடும்பத்தின் வயதையும் பேரண்டத்தின் வயதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பேரண்டத்துக்கு 1,380 கோடி ஆண்டு. சூரியன் வருவதற்குள் அதன் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்துவிட்டது. உங்கள் ரத்தத்திலுள்ள இரும்பு சூரியனுக்கு முன்பே வாழ்ந்து வெடித்த விண்மீன்களில் சமைந்தது.

7. பேரண்டத்தின் தொடக்கத்தை நீங்களே கணக்கிடுங்கள்

செலவு: ஒன்றுமில்லை. தேவை: கணினி, இணையம், இரண்டு வார இறுதி.

முதலில் கண்ணால் எட்டும் தூரம் வரை போங்கள். ஜனவரி அமாவாசையன்று இருட்டியதும் வடமேற்கே, டபிள்யூ வடிவக் காசியோப்பியாவுக்கு மேலே இடப்பக்கம் பைனாகுலரை மெதுவாக நகர்த்துங்கள். நீள்வட்டமாக ஒரு மங்கல் தெரியும். ஆண்ட்ரோமெடா அண்டம், கோடானுகோடி விண்மீன்களின் தொகுதி, 25 லட்சம் ஒளியாண்டு. உங்கள் கண்ணில் விழும் அந்த ஒளி கிளம்பியபோது பூமியில் நம் இனம் தோன்றவே இல்லை. நகர வெளிச்சத்தில் தேடி மனம் சோராதீர்கள், இதற்கு இருட்டான ஊர் வேண்டும்.

அதற்கப்பால் கருவிகளின் தரவு. ஸ்லோன் வான் அளவாய்வின் ஸ்கைசர்வர் தளத்தில் ஏராளமான அண்டங்களின் நிறமாலைகள் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவுகள்) இலவசமாகக் கிடைக்கின்றன, பதிவுக் கட்டணம் இல்லை. ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டரில் இருக்கும். ஓர் அண்டத்தில் அதே கோடு 689.1-இல் இருந்தால் 5 விழுக்காடு நீண்டிருக்கிறது. அதாவது அந்த அண்டம் ஒளியின் வேகத்தில் 5 விழுக்காடு, நொடிக்குச் சுமார் 15,000 கி.மீ. வேகத்தில் விலகுகிறது. பத்து இருபது அண்டங்களுக்கு இப்படி அளந்து, மங்கலான அண்டங்களே அதிக வேகத்தில் விலகுவதை வரைபடமாகப் போடுங்கள். அந்தத் தளத்திலேயே மாணவர்களுக்கு இதற்கென்று ஒரு பயிற்சி இருக்கிறது.

கிடைக்கும் விதி இது: ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் விலகும் வேகம் நொடிக்குச் சுமார் 70 கி.மீ. கூடுகிறது. இதைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஒன்றாயிருந்த காலம் வரும். ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கி.மீ. என்பதால், 32.6 லட்சத்தை 3 லட்சத்தால் பெருக்கி 70-ஆல் வகுங்கள். 1,397 கோடி ஆண்டு. பிளாங்க் விண்கலம் கண்ட 1,380 கோடிக்கு இவ்வளவு அருகே ஒரு காகிதக் கணக்கு வருவதற்குக் காரணம் உண்டு: விரிவு முதலில் தளர்ந்து, பிறகு முடுக்கம் பெற்றது, இரண்டும் ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டன. 70 என்ற எண் இன்னும் முடிவாகவில்லை. ஒரு முறையில் அளந்தால் 67-ஐ ஒட்டியும், இன்னொரு முறையில் 73-ஐ ஒட்டியும் வருகிறது. வானியலாளர்கள் இன்றும் மல்லுக்கட்டும் கேள்வியின் வாசலுக்கு இரண்டு வார இறுதியில் நீங்களே வந்துவிட்டீர்கள்.

இதற்கு மேலும் இரண்டு சான்று. முதல் சில நிமிடங்களில் ஹைட்ரஜனோடு ஹீலியமும் உருவாகி, பொருளின் நிறையில் ஏறக்குறைய கால் பங்கு ஹீலியம் ஆயிற்று. பழைய விண்மீன்களிலும் முகில்களிலும் அந்தப் பங்கு அப்படியே காணப்படுகிறது. 3.8 லட்சம் ஆண்டில் பேரண்டம் குளிர்ந்து ஒளி ஊடுருவும்படி ஆனபோது புறப்பட்ட வெளிச்சம், இன்று நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். எந்தத் தொலைநோக்கியாலும் பார்க்கக்கூடிய மிகப் பழைய ஒளி இதுதான்.

கவனம்: பெருவெடிப்பு என்பது காலியான வெளியில் ஓரிடத்தில் வெடித்த குண்டு அல்ல. இடமே விரிந்தது, எங்கும். அதற்கு மையம் கிடையாது. காணொளிகளில் காட்டும் இருட்டும் நடுவில் ஒரு பிழம்பும் தவறான படம்.

8. தொலைநோக்கி வாங்குவதானால்

இவ்வளவும் செய்தபின்னும் ஆசை இருந்தால் மட்டும். 130 முதல் 150 மி.மீ. கண்ணாடியுள்ள டாப்சோனியன் வகை (கையால் திருப்பும் எளிய பெட்டித் தாங்கியில் நிற்பது) தொடங்குவோருக்கு ஏற்றது. விலை ஏறக்குறைய 25,000 முதல் 40,000 ரூபாய். பெட்டியில் 525 மடங்கு என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே விடுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், பயனுள்ள பெரிதாக்கம் அதற்குமேல் போகாது. ஆடும் மூன்றுகாலி நல்ல கண்ணாடியையும் கெடுக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் ஜிஎஸ்டியையும் கூரியர் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கூரியர் நிறுவனம் ஆதார் அல்லது பான் நகல் கேட்கும். விற்றவரின் ரசீதில் பொருளின் பெயரும் விலையும் தெளிவாக இல்லாவிட்டால் பெட்டி சுங்கத்திலேயே கிடக்கும்.

சூரியனை வடிகட்டி இல்லாமல் எந்தக் கருவியிலும் பார்க்கக் கூடாது, ஒரு நொடிகூட. பார்வை போய்விடும். கண்வில்லையில் திருகும் கறுப்பு வடிகட்டி இலவசமாக வந்தால் எறிந்துவிடுங்கள், வெப்பத்தில் அது வெடிக்கும். வடிகட்டி குழாயின் முன்புறத்தை முழுவதும் மூட வேண்டும். கிரகணக் கண்ணாடியானால் ஐஎஸ்ஓ 12312-2 தரக்குறி பார்த்து வாங்குங்கள். 2031 மே 21-இல் வளைய சூரிய கிரகணம் தெற்குத் தமிழ்நாட்டின் வழியாகப் போகிறது. கண்ணாடியைக் கடைசி வாரத்தில் தேடாதீர்கள்.

9. காவலூர்

வாங்கும் முன் பெரிய கருவி ஒன்றில் பார்க்க நினைத்தால் சவ்வாது மலையில் ஆலங்காயத்துக்கு அருகே காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 2.3 மீட்டர் தொலைநோக்கியைச் சுற்றிப் பார்க்கலாம், பார்வையாளர்களுக்கென்று சிறிய தொலைநோக்கியில் வானம் காட்டுவார்கள். பொதுமக்களுக்குப் பொதுவாகச் சனிக்கிழமை. கிளம்பும் முன் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள். மேகம் இருந்தால் வானம் காட்ட முடியாது.

பள்ளிக் குழுவாகப் போவதானால் முகவரித்தாளில் தலைமையாசிரியர் கடிதம், மாணவர் பெயர்ப் பட்டியல், பொறுப்பாசிரியரின் கைபேசி எண் மூன்றையும் முன்கூட்டியே அனுப்பிப் பதில் வந்தபின் தேதி குறியுங்கள். ரயிலில் வருவோர் வாணியம்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ இறங்கலாம். இரவு திரும்ப மலைப்பாதையில் பேருந்தை நம்ப வேண்டாம், வண்டியைப் போகவர இரண்டுக்கும் பேசிக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மேலே நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும். கைவிளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு போங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மீண்டும் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும்.

பன்னிரண்டாம் வகுப்போ அதற்குக் கீழோ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், நவம்பரில் நடக்கும் தேசிய வானியல் தரத் தேர்வுக்கு (வானியல் ஒலிம்பியாடுக்கான முதல் கட்டத் தேர்வு, சுருக்கமாக NSEA) ஆகஸ்ட் வாக்கிலேயே பள்ளியில் கேட்டுவையுங்கள். பதிவு தேர்வு மையங்கள் வழியாக நடக்கும். உங்கள் பள்ளி மையமாக இல்லாவிட்டால் பக்கத்து மையத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று ஆசிரியர் வழியாக விசாரிக்க அந்த அவகாசம் வேண்டியிருக்கும்.